கேன் தண்ணீர்

கழிவுநீர் ஆராய்ச்சி மையத்தில் அவனுக்குப் பெயர் மோட்டார். விடுதிச் சாக்கடையைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரோடு மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறவன் அவன்தான். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. முனைவர் பட்டத்துக்குப் பேராசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. “சாக்கடையக் குடிதண்ணியா மாத்துறான் எம்புள்ள” என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

வடிகட்டி அடைத்து மாதக்கணக்காகிவிட்டது. குழாயில் வருவது முடைநாற்றம்தான். மாற்றச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் “பாத்துக்கலாம்ப்பா” என்ற பேராசிரியர், புதிய பட்டமேற்படிப்புக்கு அனுமதி தர ஒரு குழு வருகிறது என்றதும் சுவருக்கு வெள்ளையடித்தார்.

“டேய் மோட்டார், ஒரு கேன் தண்ணி வாங்கிக் குழாய்க்குப் பின்னாடி மாட்டு. அவங்க முன்னாடி நீயே குடிச்சுக் காட்டு.”

“ஊர ஏமாத்துற வேலையில்லயா சார்?”

“ஒனக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?”

சாக்கடையில் முழங்கை வரை கையை விடத் தயங்காதவன் இதற்குத் தயங்கினான். அவன் கேனை மாட்டவில்லை.

குழு வந்தது. அவன் குழாயைத் திறந்து, கலங்கிய தண்ணீரைப் பிடித்து நீட்டினான். “இதுதான் சார் எங்க தண்ணி. வடிகட்டி மாத்துனாத்தான் குடிக்கலாம்.”

பேராசிரியர் முகம் கறுத்தது. குழுத் தலைவரோ மூக்கைப் பொத்திக்கொண்டு, “சரி சரி, இதெல்லாம் போகப்போகச் சரியாயிடும். சாப்பாடு எங்க ஏற்பாடு?” என்றார்.

மறுவாரமே அனுமதி வந்துவிட்டது. கையெழுத்துதான் வரவில்லை. பட்டம் எப்போது வரும் என்று அம்மா போனில் கேட்டபோது, “இன்னும் நாத்தம் போகலம்மா” என்று சொல்லிவிட்டு, வடிகட்டியைத் தானே கழற்ற உட்கார்ந்தான்.