பஸ்ஸுக்குள்ளே எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை

டிரைவரக்கா மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பல வருஷமாகச் சுமக்கிறேன், இறக்கி வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. எங்கள் பஸ் பணிமனைப் பாட்டுக் குழுவுக்கு யார் புதிதாக வந்தாலும், நேராகக் கொண்டுவந்து என் பக்கத்தில்தான் நிறுத்துவார். கொஞ்ச நாளில் அந்த ஆளுக்குக் குரல் திறந்துவிடும், முன் வரிசைக்குப் போய்விடுவார். நான் மட்டும் பின் வரிசை ஓரத்தில், தீயணைக்கிற மணல் வாளிக்குப் பக்கத்தில், இன்னொரு வாளி மாதிரி நிற்பேன்.

நான் டயர் கழற்றி மாட்டுகிறவன். அக்கா பஸ் ஓட்டுகிறவர். ஆள் குள்ளம், சீட்டில் தலையணை போட்டுத்தான் உட்காருவார். வாய் மட்டும் இரண்டு மாடி பஸ்.

ஞாயிறு மத்தியானம் கேன்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாடுவோம். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். எதிர்ச் சுவரில் ஒரு பழைய பஸ் கண்ணாடி, அதில் எங்களைப் பார்த்துக் கையை வீசுவார்.

"நேர்ல பாத்தா ஆளு ஆளாத் தெரியுறீங்க. கண்ணாடியில பாத்தா எல்லாரும் பயணிங்க. யாரையும் பாதி வழியில இறக்கிவிட மனசு வராது" என்பார். எவனாவது பாடாமல் உதட்டை மட்டும் அசைத்தால், திரும்பாமலே கேட்பார்: "கடைசி சீட்டு, டிக்கெட் எடுத்தாச்சா?"

குழுவில் இல்லாத ரகம் இல்லை. பஸ் நேரம் அறிவிக்கிற கண் தெரியாத அண்ணன். காது கேளாத பெயிண்டர். அவர் மேசையில் உள்ளங்கையை வைத்து அதிர்விலேயே தாளம் பிடிப்பார், எங்களைவிட ஒழுங்காக. கும்பிடுகிற சாமி ஆளுக்கொன்று, வீட்டில் பேசுகிற பேச்சு ஆளுக்கொன்று. சம்பள நாளில் மட்டும் எல்லாரும் ஒரே ஜாதி. சேருகிறவர் தன் வீட்டுப் பாட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் முனகாமல் கற்க வேண்டும். இதுதான் அக்காவின் சட்டம்.

கடைசியாகச் சேர்ந்தவள் பஸ் கழுவுகிற பெண். வேறு தேசத்திலிருந்து வந்தவள். எங்கள் பேச்சு அரைகுறையாகப் புரியும், பதிலுக்குச் சிரிப்பு மட்டும் வரும். பஸ்ஸைத் தேய்த்துக்கொண்டே அவள் முணுமுணுத்த பாட்டை அக்கா பிடித்துக்கொண்டார். ஓர் ஆடு ஆற்றைக் கடக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறதாம், பாட்டு முழுக்க அதுதான். நாங்கள் எல்லாரும் ஆடாகிவிட்டோம். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் அக்கா டிக்கெட்டும் கேட்கவில்லை. என் பக்கத்தில் நிறுத்தியதோடு சரி.

அந்த நேரம் பார்த்துப் புதுப் பணிமனை திறப்பு விழா வந்தது. மேனேஜர் சின்ன வயசு, இஸ்திரி மடிப்பு கலையாதவர். அக்காவைக் கூப்பிட்டார்.

"அம்மா, முதல் பஸ்ஸை நீங்கதான் உள்ள ஓட்டிட்டு வரணும். அப்புறம் மேடையில உங்க பாட்டு. மேடை சின்னது. பத்துப் பேர் போதும். நல்லாப் பாடுறவங்களாப் பாருங்க."

அக்கா ஓய்வு பெறப்போகிற மாதம் அது. ஒரே ஒரு தடவை மேடையேறிப் பாட வேண்டும் என்று எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! அதற்கென்று புதுச் செருப்பே வாங்கி வைத்திருந்தார். "சரிங்க சார்" என்றார், மறுபேச்சில்லாமல்.

பத்துப் பேரையும் அவரே பொறுக்கினார். பெயிண்டர் இல்லை. கழுவுகிற பெண் இல்லை, ஆனால் அவள் பாட்டு மட்டும் உண்டு. நான் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கையிலிருந்த ஸ்பேனரை வீசினேன். அது என் கால் மேலேயே விழுந்தது.

"எங்களக் கழட்டி விட்டுட்டீங்க, அப்படித்தானே அக்கா?"

"கழட்டுறது உன் பொழப்புடா தம்பி. விழா அன்னைக்குக் காலையில, மிச்சம் இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வந்து என் பஸ்ல ஏறு. இப்ப வாயை மூடு."

ஏறினோம். மேடையில் பத்துப் பேர் நின்று அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். பஸ் ரிப்பனை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. இறங்குவார் என்று பார்த்தால், ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியை மேடைக்குப் பக்கத்தில் உரசினாற்போல் நிறுத்தினார். வெளிக் கண்ணாடியை மேடைப் பக்கம் திருப்பினார். உள்கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்பினார். "ஜன்னலைத் திறங்க எல்லாரும்" என்றார்.

மேனேஜர் ஓடி வந்தார். "அம்மா, பத்துப் பேர்னு சொன்னேனே!"

"மேடையில பத்துதான் சார், எண்ணிக்கோங்க. பஸ்ஸுக்குள்ள எத்தனைன்னு நீங்க கேக்கவே இல்லையே."

ஹாரனை ஒரு தட்டு தட்டினார். ஆட்டுப் பாட்டு ஆரம்பித்தது. பெயிண்டர் பஸ் தகரத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என் பக்கத்துச் சீட்டில் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஊர்ப் பாட்டு, அவள் வாய் மட்டும் மூடியிருக்கிறது. அக்கா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"பொண்ணே, பக்கத்துல இருக்காரே, அவர் பாடுறதைக் கேளு. இதுக்கு மேல யாராலயும் பாட்டைக் கெடுக்க முடியாது. நீ தைரியமாப் பாடு!"

பஸ்ஸே சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் புது ஆட்களை என் பக்கத்தில் நிறுத்திய ரகசியம் இதுதானா! வந்த கோபத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், குலுங்கிச் சிரித்தாள், சிரிப்போடு சிரிப்பாகக் குரலும் வந்துவிட்டது. அந்தக் குரலுக்கு மேடையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ!

பாட்டு முடிந்தும் அக்கா சீட்டை விட்டு இறங்கவில்லை.

"மேடை ஏறலையே அக்கா, புதுச் செருப்பெல்லாம் வாங்கினீங்களே?" என்றேன்.

"இறங்கினா கண்ணாடியை யாருடா பாக்குறது? போடா."

அக்கா ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குக் கிளம்பின அன்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் வரை போனேன். கேன்டீன் கண்ணாடியைக் கண் தெரியாத அண்ணனிடம் ஒப்படைத்திருந்தார். அவருக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்டேன். "கண்ணாடி பாக்குறதுக்கா? அதுக்கு அந்தப் பொண்ணு இருக்கா. அண்ணன் காதாலயே எல்லாரையும் எண்ணிடுவாரு" என்றார். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வர்ற ஞாயிறு மேனேஜர் வர்றாரு. பாட ஆசையாம், ஆனா சின்ன வயசுல யாரோ கேலி பண்ணிட்டாங்களாம். உன் பக்கத்துல நிறுத்திக்கோ. சத்தமாப் பாடு. தம்பி, உனக்குக் கோடி புண்ணியம், அதுக்குள்ள ஒழுங்காப் பாட மட்டும் கத்துக்காதே!"