சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு நெட் துணி

சந்தேகப்படுவது எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் திடீரென்று கெட்டியான பால் ஊற்றினால்கூட எதற்காக என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் காலையில் என் கணவர் வந்து, "டைனிங் ரூம் ஜன்னலுக்கு ஸ்கிரீன் துணி எடுக்கணும். வேலூருக்குப் போலாம், நானும் வர்றேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கென்று அவர் தானாக வாங்கி வந்தது ஒரு எலிப்பொறி மட்டும்தான். சுவர் என்ன நிறம் என்று கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் டைம் ஆபீசில் அவருக்கு வேலை. யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று குறித்துக்கொள்கிற வேலை. எழுபதுகளின் கடைசியில் அவரை ஒரு படி மேலே தூக்கிவிட்டு, கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடும் கொடுத்தார்கள். சாப்பிடுவதற்கென்று தனி அறை உள்ள வீட்டில் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் அதுவரை இருந்ததில்லை. மேசை வந்து இறங்கிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அறையின் ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. எதிரில் ஒரு டீக்கடை. கடைக்கு மேல் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். சின்ன வயசு. தலை துவட்டுவது, பின்னிக்கொள்வது எல்லாம் பால்கனியில்தான்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். எனக்குக் கரும்பச்சையில் கெட்டித் துணியாக வேண்டும். கம்பெனி நாற்றமும் லாரி கிளப்புகிற தூசியும் அந்த ஜன்னல் வழியாகத்தான் சோற்றுக்கு வந்துகொண்டிருந்தன.

"அதெல்லாம் வேணாம், இருட்டடிக்கும்" என்றார் அவர். "நெட் துணி காட்டுங்க."

"நெட்டுல தூசி நிக்குமாங்க?"

"காத்து வரணும்ல."

காற்றைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கடைக்காரர் வெள்ளை நெட் துணியில் நாலைந்து தினுசு எடுத்துப் போட்டார். என் கணவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பஜாரைப் பார்த்தார். பிறகு துணியைக் கடைக்காரர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெளியே இறங்கி நின்று உள்ளே பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. "உள்ள இருக்கறது ஒண்ணும் தெரியல. இதையே குடுங்க" என்றார். எனக்கு அந்த நிமிஷமே மாடி நர்ஸின் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்பிரிங் கம்பியில் கோத்து அவரே மாட்டினார். மேசையின் அந்தப் பக்கம் இருந்த நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, காபியும் பேப்பருமாக அங்கே உட்கார்ந்துவிடுவார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். போட்ட காபி ஆறிப்போகும். பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திரும்பாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு முன்னாலேயே சர்ச்சுக்குக் கிளம்பிப் போய்விட்டார். கிடைத்தது சமயம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் உட்காருகிற மாதிரியே சாய்ந்து பார்த்தேன். மாடி தெரியவில்லை. ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு பால்கனியை முழுக்க மறைத்தது. தெரிந்ததெல்லாம் டீக்கடையும் அதன் முன்னால் கிடந்த பெஞ்சும்தான்.

பெஞ்சில் தினமும் யார் உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஷிப்டு விட்டதும் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி. தோலில் ஒட்டியிருக்கிற சதையைச் சீவுகிற பிளஷிங் மிஷினில் இருந்தான். அம்மாவுக்கு அவன் சம்பளத்தைத் தவிர வேறு கதியில்லை. சங்கம் வைக்க வேண்டும் என்று பேசிய இரண்டு பேரைப் போன மாதம்தான் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். யார் சொல்லி முதலாளிக்குத் தெரிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. நர்ஸாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது நேராகவே கேட்டுவிட்டேன்.

"டீக்கடையில யார் யார் ஒக்கார்றாங்கன்னு பாத்துச் சொல்றதுதான் இப்ப வேலையா?"

அவர் மறுக்கவில்லை. குழம்பைப் பிசைந்துகொண்டே, "இந்த வீடு எதுக்குக் குடுத்தாங்கன்னு நெனச்ச?" என்றார்.

"என் தம்பி பேரையும் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லல."

அந்த 'இன்னும்' எனக்குப் போதும். மறுநாள் சாயங்காலம் அவர் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு, காய் வாங்கப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு, சுற்று வழியாக டீக்கடைக்குப் பின்பக்கம் போனேன். கடைப் பையனை அனுப்பித் தம்பியைக் கூப்பிட்டேன். சுவர் ஓரமாக வந்து நின்றான்.

"இங்க ஒக்காராதடா. மாமா ஜன்னல்லேருந்து பாத்துக்கினே இருக்காரு."

"தெரியும்க்கா. நீயே பாரேன்."

சுவர் ஓரமாக எட்டி எங்கள் ஜன்னலைப் பார்த்தேன். பகலில் பஜாரில் பிடித்துப் பார்த்தபோது எதுவும் காட்டாத துணி, உள்ளே விளக்கு எரிந்ததும் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி தெரிந்தது, டம்ளர் தெரிந்தது, எட்டிப் பார்க்கிற அவர் கழுத்தும் தெரிந்தது. மேசையும், அதில் நான் விரித்த பூப்போட்ட துணியும்கூடத் தெரிந்தன. எனக்கு மானம் போய்விட்டது.

"மொத நாளே பாத்துட்டோம்" என்றான். "அதனால இங்க சும்மா டீ குடிக்கிறதோட சரி. பேசறதெல்லாம் வேற எடத்துல."

உயிர் திரும்பி வந்தது. "எங்கடா?" என்றேன், யோசிக்காமல்.

சின்ன வயதில் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், என் கையிலிருந்த காலிப் பையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"நீ வீட்டுக்குப் போக்கா. நாழியாச்சு" என்றான்.

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, கால் கிலோ கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கடைச் சுவர் ஓரமாக நான் எட்டிப் பார்த்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

"இன்னா சொன்னான் உன் தம்பி?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

இடத்தைப் பொறுத்தவரை உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை.