அவர் தேறி வந்த பிறகு

எங்கள் கடைக்கு எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடவே ஆளுக்கொரு வார்த்தையும் கொண்டு வருவார்கள். தமிழ்க்காரர்கள் "சரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். மலையாளிகள் "நன்னாக்கித் தரணும்" என்பார்கள். அவசரக்காரர்கள் மோட்டாரை இறக்கி வைக்கும்போதே "எப்ப ரெடியாகும்?" என்பார்கள். மனிதர்களுக்கு வேறு வார்த்தைகள் உண்டு. தேறிவிட்டான், திருந்திவிட்டான், குணமாகிவிட்டான், ஆளாகிவிட்டான். என் வீட்டுக்காரரைப் பற்றி இதெல்லாம் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். என்னைப் பற்றி என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் மோட்டார் காயில் கட்டுவதில் கெட்டிக்காரர். அதை இப்போதும் சொல்வேன். கருகிய காயிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி இறக்கினால், கம்பெனியிலிருந்து வந்த மோட்டார் மாதிரி ஓடும். குடி வந்த பிறகு கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. கேரள எல்லையில் எங்கள் வேலந்தாவளத்தைச் சுற்றி எல்லாத் தோட்டத்திலும் போர்வெல்தான். கோடையில் மோட்டார் எரிந்து, தென்னை காய்ந்து, மாடு தண்ணீருக்குக் கதறினால் தோட்டத்துக்காரன் சும்மா இருப்பானா? வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். உள்ளே அவர் வேட்டி நழுவியது தெரியாமல் கிடந்தார். கல்லானாலும் கணவன் என்று சொல்லி வைத்தவள் கள்ளுக்கடையைப் பார்த்திருக்க மாட்டாள். ஒரு நாள் சாவியை எடுத்துக்கொண்டு நானே போய்க் கடையைத் திறந்தேன்.

அது ஒன்றும் அசட்டுத் துணிச்சல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் காயில் இறக்கிக்கொண்டிருந்தவள் நான். அங்கே எங்கள் பிரிவில் எல்லோருமே பெண்கள்தான். இங்கே அதே வேலையை ஒருத்தி கடையில் உட்கார்ந்து செய்தால் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். நான் கட்டிய முதல் மோட்டார் தோட்டத்தில் சுவிட்சைப் போட்டதும் புகைந்தது. திட்டு வாங்கிக்கொண்டு திரும்ப அவிழ்த்துக் கட்டினேன். அடுத்த கோடையில், "அந்தம்மா கட்டுனா நின்னு ஓடுமுங்க" என்று ஒருவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விரலெல்லாம் வார்னிஷ் ஒட்டிக்கொண்டு சோறு பிசையவே முடியாது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். புருஷன் விழுந்து கிடக்கும்போது இவளுக்குச் சந்தோஷமாம் என்று ஊர் காறித் துப்பும். துப்பட்டும்.

அவரை மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான். "நாய் வால நிமித்த முடியுமா?" என்று கேட்டவர் அவருடைய கூடப்பிறந்த அக்கா. நிமிர்த்திவிட்டார்கள். கூட்டி வரப் போன அன்று முகத்தில் சதை பிடித்து, சட்டைப் பொத்தானை எல்லாம் தானே போட்டுக்கொண்டு நின்றார். அழுதேன். அது நிஜமான அழுகை. அங்கே ஆலோசனை சொல்லும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சின்ன வயசு, மலையாளி.

"சேச்சி, ஆளு நன்னாயி. இனி எல்லாம் சேச்சியுடெ கையிலாணு" என்றாள்.

என் கையில் இருப்பது என்ன என்று விளக்கமாகவும் சொன்னாள். பழையதைப் பேசக் கூடாது. அவருடைய பொறுப்பை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்கு முன்னால் நான் நிற்கக் கூடாது. தான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றினால் திரும்பவும் குடிக்குப் போய்விடுவார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். மாத்திரைகளை எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாமியார் நல்ல நாள் பார்த்துக் கடை திறக்க ஏற்பாடு செய்தார். நான் சாவி எடுத்த பிறகு அடைத்தே கிடக்காத கடைக்குத் திறப்பு விழா! மாவிலை கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, அக்கம்பக்கத்துக் கடைக்கெல்லாம் பொரிகடலை கொடுத்தார்கள்.

"சாவிய உன்ற கையாலயே குடு கண்ணு. அவனுக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்றார் மாமியார்.

கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய் நான் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கற்பூரத் தட்டோடு வெளியே நின்றேன். "இனி உனக்கென்ன? மகாராணியாட்டம் ஊட்ல இரு" என்று அவர் அக்கா என் தோளைத் தட்டினார்.

மகாராணி மறுநாளும் கடைக்குப் போனாள். ஓரமாக உட்கார்ந்து, காயில் இறக்கும் பள்ளத்துக்குள் வைக்கிற காகிதத்தை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா கட்டினால் நின்று ஓடும் என்று ஆள் கூட்டி வந்தாரே, அதே பெரியவர் வந்தார். என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரிடம் போனார். "தம்பி வந்துட்டீங்களா? அப்ப இனிக் கவலையில்லீங்க" என்றார். இத்தனை நாள் இவருக்கு என்ன கவலை இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தோட்டத்து மோட்டார் நான் கட்டியது, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை.

"நீ எதுக்குப் புள்ள இங்க வந்து சிரமப்படறே? நீ பக்கத்துலயே உக்காந்திருந்தா, இன்னும் பொண்டாட்டி இவன நம்பாம காவலுக்கு வந்திருக்கறான்னு பேசறாங்க."

முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லி, நாளைக்கே இவர் குடித்துவிட்டு வந்தால்? "நல்லா இருந்தவன இவதான் கெடுத்தா" என்று அத்தனை விரலும் என்னைத்தான் காட்டும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கறிவேப்பிலையைக்கூட இலையில் பரிமாறிய பிறகுதான் எடுத்துப் போடுவார்கள்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கட்டும் மோட்டார் நின்று ஓடுகிறது. பொழுதோடு வீட்டுக்கு வருகிறார். அதட்டி ஒரு சொல் சொல்வதில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம், நல்லவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? போன மாதம் வீட்டு மிக்சியில் கருகிய வாடை வந்தது. ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவன் வந்து பாப்பான், அப்படியே வெச்சிரு கண்ணு" என்றார் மாமியார். அப்படியே வைத்துவிட்டு அம்மிக்குப் போனேன்.

இந்த வாரம் ஒரு நாள் விளக்கு வைத்த பிறகும் அவர் வரவில்லை. எலப்புள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்கப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. மாமியார் கேட்டில் நின்று வேண்டாத சாமியில்லை. ஒருவழியாக வண்டிச் சத்தம் கேட்டது. டிபன் கேரியரை வாங்குகிற சாக்கில் அவரிடம் நெருங்கிப் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். குடிகாரர் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. டீ வாடை. சேற்று வாடை. வேறொன்றும் இல்லை.

"முருகா, என்ற வயித்துல பாலை வார்த்த" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கேரியரைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். எனக்கும் கண் கலங்கியது. இன்றைக்காவது இவர் குடித்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.