பக்கத்து வீட்டு விளக்கு

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய மேசை வாங்கப் போனேன். அங்கே மிஞ்சியிருந்தவர் கொண்டையில் பென்சில் செருகிய ஓவியம் வரைகிற பெண் ஒருவர்தான். பேசப் பேசத் துப்பட்டா நுனியால் கணினித் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரையில் அவர்களுடைய கேமில் வரும் கம்பம், சின்னதாய் ஒரு கிராமம். அங்கே வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வீடாம். வேலையை விட்டுப் போனால் அந்த வீட்டு விளக்கை அணைத்துவிடுவார்களாம். இரண்டு வீடுகளில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

"ஓரத்து வீடு என்னோடது. பக்கத்து வீட்டுக்காரரு வேலைய விட்டுப் போகலண்ணே, செத்துப் போய்ட்டாரு. அதுக்கு அணைக்கணுமான்னு நாங்க பேசி வச்சிக்கவே இல்ல. நீங்களே சொல்லுங்க லா."

மேசையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று போனில் அந்த கேமைத் திறந்தேன். ஓரத்து வீடு இருண்டிருந்தது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.