ரயில் எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு வைத்த ஞாயிற்றுக்கிழமை

நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சந்தேகம் உள்ளவர்கள் என் வீட்டம்மாவைக் கேட்கலாம். அன்று காலை மயிலாப்பூரில் ஆட்டோ ஏறும்போதே, "பாத்துக்கோ, இன்னைக்கு நான் இல்லன்னா அந்த ரயில் நகராது" என்றேன்.

"டிபன் பாக்ஸைத் தொலைக்காம வாங்க" என்றாள் அவள்.

எழும்பூர் பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே அந்த வாசனை... கரிப்புகை, சூடான எண்ணெய், ஈரமான நீராவி. இதை எழுதும்போதுகூட மூக்கு அரிக்கிறது.

சில வருஷங்களுக்கு முந்தைய கதை. ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கோடம்பாக்கம் வரை ஓட்டிக் காட்டப்போகிறார்கள், சும்மா உதவிக்கு ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தி.நகரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். படிப்பு எட்டாம் கிளாஸ். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் விஷயம் இல்லை. எஞ்சினும் மிக்ஸியும் ஒரே சங்கதிதான், சைஸ்தான் வேறு.

எஞ்சின் என்றால் எஞ்சின்! கபாலி கோயில் கோபுரத்தைப் படுக்க வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. (கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.)

பித்தளையைப் பளபளப்பாக்குவது எங்கள் கோஷ்டிக்கு வந்த வேலை. புளி, விபூதி போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்தோம்.

எஞ்சினுக்குள் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள் ஸ்டெல்லா. சாந்தோம் பெண், ரயில்வே ஊழியர். நீராவி எஞ்சினில் அவளுக்கு அதுதான் முதல் நாள். கோடம்பாக்கம் வரை ஒழுங்காகக் கொண்டுபோனால் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார், அடுத்தடுத்த ஓட்டங்களுக்கும் அவளையே கூப்பிடுவார்கள். இல்லையென்றால் இல்லை. மகளைப் பார்க்க மீன் வியாபாரத்துக்கு லீவு விட்டு வந்திருந்தார் அவள் அம்மா மேரியம்மா.

"இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி வருவேன்னு பாத்தா கரிமூட்டை மாதிரி கீற!"

"சும்மா இரும்மா, சார் பாக்குறாரு."

இரண்டு எலெக்ட்ரிக் ரயில்களுக்கு நடுவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் லைன் விடுவார்கள். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

கிளம்பும் முன் பூஜை. பூஜை போடாமல் ஸ்கூட்டரைக்கூட ரோட்டில் இறக்காத ஊரல்லவா? எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை. எங்கள் கோஷ்டியில் நாகராஜன் என்று ஒருத்தர், நங்கநல்லூர்க்காரர். சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே ஏறினார். வட்டமாக, நீளமாக எது தெரிந்தாலும் பொட்டு. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் இரண்டு இருக்கும். அதற்கும் பட்டை பட்டையாகப் பூசிவிட்டார். ஒன்றுக்குப் பூசி இன்னொன்றுக்குப் பூசாவிட்டால் அது கோபித்துக்கொள்ளுமாம்!

இன்ஸ்பெக்டர் ஏறிப் பார்த்தார். தண்ணீர் மட்டம் தெரியவில்லை. தெரியாமல் எஞ்சினை எடுத்தால் பாய்லர் வெடிக்கும். சூட்டில் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாருய்யா இந்த வேலை பாத்தது?"

எல்லோரும் நாகராஜனைத் தேடினோம். மனுஷனைக் காணோம்.

ஸ்டெல்லாதான் சொன்னாள். "எங்க பூஜைதான் சார். நானே எடுத்துடறேன்."

"லைன் குடுத்ததும் கெளம்பணும்மா. இது சரியாவலேன்னா எஞ்சின் ஷெட்டுக்குத் திரும்பும்."

நான் உடனே விஞ்ஞான முறைப்படி தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"அய்யோ மாமா, ஊத்தாதீங்க! சூட்டுக் கண்ணாடி, பட்டுனு தெறிச்சிரும்!"

அவளுக்குத் தெரிகிறதா என்று சோதித்தேன், அவ்வளவுதான்.

கீழே நின்ற மேரியம்மா எட்டிப் பார்த்தார். "சாமிக்குப் பொட்டு நெத்தியில வப்பாங்க நைனா. கண்ணுல வச்சிக்கீறாங்களே!" பிறகு மகளிடம், "எண்ணெ தடவி ஊற வுடு. அப்பால கொடுவா செதில் எடுக்கிற மாதிரி வாலுலருந்து தலைக்கு வா. அமுக்காத."

எண்ணெய்க் கேனிலிருந்து நாலு சொட்டு. கத்தி கூடாது, கீறல் விழும். பொங்கல் சாப்பிட்ட மரக்கரண்டியை நீட்டினேன். ஸ்டெல்லா கீழிருந்து மேலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினாள். அவள் நெற்றி வியர்வை கண்ணாடியில் விழாமல் மேரியம்மா ஏறிப்போய் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சந்தனம் செதில் செதிலாக வந்தது. உள்ளே தண்ணீர் ஆடியது...

சிக்னல் விழுந்தது. விசில்! சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம்... வழியெல்லாம் மொட்டைமாடிகளில் ஜனம். கோடம்பாக்கத்தில் இறங்கியபோது என் வெள்ளைச் சட்டை கறுப்புச் சட்டை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

"எம்பொண்ணு மூஞ்சியத் தேடித்தான் கண்டுபுடிக்கணும்" என்றார் மேரியம்மா, அழுதுகொண்டே.

இப்போது மாம்பலத்தில் ஏசி ரயில் வந்து நிற்கிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. கண்ணில் கரி விழுவதில்லை, சட்டை சலவைக்குப் போவதில்லை. சுகம்தான். ஆனாலும் ரயில் மூச்சு வாங்குவதைக் கேட்டவனுக்கு, இந்த அமைதி கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

போன வாரம் ஸ்டெல்லா போன் பண்ணினாள். மறுபடியும் ஓட்டப்போகிறார்களாம். இந்தத் தடவை எஞ்சினை ஓட்டப்போவதே அவள்தானாம்!

"கட்டாயம் வாங்க மாமா. சந்தனக் கிண்ணத்த மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் அன்று அவள் 'எங்க பூஜை' என்று பழியை ஏற்றுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒருத்தரிடமும் உண்மையைச் சொன்னதில்லை.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கோஷ்டியில் நாகராஜன் என்று யாரும் கிடையாது.