சுபேதார் சார் வீட்டுக்கு வந்து சேர்ந்தது

அன்று காலை இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டிக்கொண்டிருந்தேன். சுபேதார் தாணு சாரின் மருமகன் வேகமாக வந்து ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டையை நீட்டினார். "அண்ணாச்சி, இது இப்பமே வேணும்" என்றார். சட்டையைக் கையில் வாங்கியதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தாணு சார் தன் துணியைத் தானே தேய்த்துக்கொள்கிறவர். இத்தனை வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட என் இஸ்திரி வண்டிக்கு வந்ததில்லை. "எப்பம்?" என்று மட்டும் கேட்டேன். "குளிச்சிட்டு வந்து கட்டில்ல இருந்தாரு. அப்பிடியே சாஞ்சிட்டாரு. பட்டாளத்துக் கூட்டாளிங்கெல்லாம் வாறாங்க, இதப் போட்டுத்தான் கிடத்தணும்" என்றார். அவருக்குப் பிடிக்கிற மாதிரி தேய்க்க வேண்டுமே என்ற பயத்தோடு தேய்த்தேன்.

கரமனையில் எங்கள் தெருவில் அவரை அறியாதவர் இல்லை. ஆனாலும் அவரைப் பற்றி நீங்கள் அறியாதவை சில உண்டு. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, அவர் மகள் சுதா எழுதுகிறாள். "எல்லாத்தையும் சொல்லுங்க, ஒண்ணையும் மறைக்காண்டாம்" என்று டீச்சரும் சொல்லிவிட்டார். டீச்சர் என்றால் சாரின் மனைவி. சாலைக் கடைத்தெருப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

இருபத்தெட்டு வருடம் சார் பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்தால் வீடு கல்யாண வீடு போல இருக்கும். தினமும் மீன், தினமும் விருந்தாளிகள். தெருவில் கால் வைத்ததும் ஆட்டோ ஸ்டாண்டு ராஜன் மலையாளத்தில் கேட்பான்: "என்னு வந்நு சாரே? என்னா திரிச்சு?" என்று வந்தீர்கள், என்று திரும்புகிறீர்கள் என்று கேட்கிறான். இந்த ஊரில் பட்டாளத்துக்காரரையும் வெளிநாட்டுக்காரரையும் பார்த்தால் அப்படித்தான் கேட்பார்கள். அதில் குறும்பு ஒன்றும் கிடையாது.

பென்ஷனாகி வந்த வருடமும் ராஜன் அதையே கேட்டான். "இனி திரிச்சு இல்லடே" என்று சார் சிரித்தார். பிறகு ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

டீச்சர் பள்ளிக்கூடத்துக்கும் சுதா காலேஜுக்கும் போன பிறகு, மழமழவென்று சவரம் செய்து, ஷூ போட்டு, என் வண்டியடியில் வந்து நிற்பார். "வீட்டுல எனக்கு டியூட்டி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்பார். கரண்டு பில் கட்டப் போனால் டீச்சர் அதற்கு முன்பே போனில் கட்டியிருப்பார். ஒருநாள் அடுக்களை டப்பாக்களையெல்லாம் உயர வரிசைப்படி நிறுத்திவைத்தார். மறுநாள் பார்த்தால் எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. "ஒரு வார்த்தை சொல்லல்ல அண்ணாச்சி. சிரிச்சிட்டே எடுத்து வச்சிருக்கா" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

வந்து இரண்டு மாதம் முடிகிற சமயம். ஒரு சனிக்கிழமை வந்து, வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, உத்தரவு வந்தாச்சு."

"என்ன உத்தரவு சார்?"

"வீட்டுல பயறு வறுத்து முந்திரிக்கொத்து உருட்டுகா."

"பலகாரம் திங்கத்தானே சார்?"

"சும்மா திங்கதுக்கு அவ என்னைக்கு அதப் பண்ணியிருக்கா? லீவு முடிஞ்சு நான் வண்டி ஏறத்துலதான் பண்ணுவா. ஒரு டின்னு நெறைய. பட்டாளத்துப் பாரக்குல எல்லாருக்கும் குடுக்கதுக்கு."

"நேரா கேட்டிருங்க சார். இதுல என்ன இருக்கு?"

"பட்டாளத்துல லீவு முடிஞ்சா கேள்வி கிடையாது அண்ணாச்சி. பெட்டியை எடுக்கணும், அவ்வளவுதான்." அவளிடம் நீங்களும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார்.

அன்று மதியமே பழைய கூட்டாளி ஒருவருக்குப் போன் செய்தார். மலையடிவாரத்தில், கல்லாற்றில் ஒரு விடுதிக்குக் காவல் ஆள் வேண்டியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னபோது, "உங்களுக்கு இஷ்டம்னா சரி" என்றாராம் டீச்சர். அந்த முந்திரிக்கொத்தை டின்னில் போட்டுக் கையிலும் கொடுத்தாராம். அது போதுமாயிருந்தது சாருக்கு.

மூன்று வருடம் கல்லாற்றில் இருந்தார். மேலே பொன்முடி மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். குளிக்க இறங்கிய ஆட்களை விசில் ஊதிக் கரையேற்றுவது அவர் வேலை. மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாள் லீவில் வருவார். வீட்டில் நெய்மீன் வாங்குவார்கள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். "பழைய மாதிரியே நல்லா போவுது அண்ணாச்சி" என்பார். அதை என் முகத்தைப் பார்த்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சுதா கல்யாணத்தன்று பந்தலில் நின்றவரிடம், லீவு எத்தனை நாள் என்று ஒருவர் கேட்டார். நாலு நாள் என்றார் பெண்ணைப் பெற்றவர்.

கல்யாணம் முடிந்து பெண் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள், டீச்சர் ஒரே ஒரு போர்வையோடு என் வண்டிக்கு வந்தார். போர்வையை யாரும் தேய்க்கக் கொடுப்பதில்லை.

"அண்ணாச்சி, நெசம் சொல்லணும். அவரு ஏன் போனாரு? வீட்டுல இருக்கப் பிடிக்கலியா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

வாக்கு கொடுத்தவன்தான் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. முந்திரிக்கொத்து விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அது கைப்பழக்கம் அண்ணாச்சி! ரெண்டு மாசம் ஆனா என் கை தன்னால பயறு வறுக்கும். உருட்டி முடிச்ச பெறவுதான் இவரு போவாண்டாமேன்னு நெனவு வந்துது. எனக்கே சிரிப்பு. சொல்லிச் சிரிக்கலாம்னு வந்தா, வேலை கிடைச்சிட்டுன்னு நிக்காரு. இருவத்தெட்டு வருசம் அங்க இருந்த மனுசன், இங்க ஒப்பல்ல போலிருக்குன்னு நெனச்சேன். பிடிச்சு வச்சா பாவம்னு விட்டேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நெடுமங்காடு வழியாகக் கல்லாற்றுக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே நடந்ததைச் சாரே சொன்னார். ஆற்றங்கரைப் பாறையில் நின்று, குளிக்க வந்த கூட்டத்தின் முன்னால், "லீவுக்கு வாற ஆளு எனக்கு இனி வேண்டாம். வீட்டுக்கு வாரும்!" என்று சத்தம் போட்டாராம். சார் விசிலைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாராம்.

அது கழிந்து ஒரு மாதம் இருக்கும். சார் என் வண்டிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். காலில் செருப்பில்லை.

"அண்ணாச்சி, திட்டிட்டா!"

"யாரு சார்?"

"அவதான். செம்பருத்திய வேலி மாதிரி ஒரே மட்டமா வெட்டிட்டேன். பூவெல்லாம் போச்சு. 'இது பட்டாளமில்ல, என் வீடு, அறிவிருக்கா'ன்னு கேக்கா. நானும் விடல்ல, 'எனக்கும்தான் வீடு'ன்னேன். நல்ல சண்டை!"

பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அது. "கல்யாணம் ஆனதுலருந்து எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்ல தெரியுமா? லீவுக்கு வந்தவன்கிட்ட யாரு சண்டை போடுவா?" என்றார். "போய்ச் செருப்பு போட்டுட்டு வாங்க சார்" என்றேன். "அதுக்கும் உள்ள போவணும், அவ வாசல்ல நிக்கா" என்று உரக்கச் சிரித்தார்.

அப்படி ஒரு வருடமும் கொஞ்சமும்தான் அவர்களுக்குக் கிடைத்தது. மூன்று வருடம் கல்லாற்றில் போய்விட்டது.

பதினாறாம் நாள் கழிந்து டீச்சரைப் பார்க்கப் போனேன். "அன்னைக்குக் காலையிலயும் திட்டினேன் அண்ணாச்சி. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டிருந்தாரு. திட்டு வாங்கிட்டுத்தான் போனாரு" என்று அழுதார். நான் சொன்னேன்: "சாருக்கு அதுதான் டீச்சர் வேண்டியிருந்துது. விருந்தாளியாப் போகல்ல. வீட்டுக்காரராப் போனாரு." அவர் அழுகை நிற்கவில்லை.

என்னிடம் சாருடையது என்று பொருள் ஒன்றும் இல்லை. செருப்பில்லாமல் ஓடிவந்த அந்த முகத்தைத்தான் வைத்திருக்கிறேன். நானும் திருநெல்வேலிப் பக்கம் பெண்சாதியை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடமாக வண்டி தள்ளுகிறவன். கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போனால் பத்து நாளும் அவள் கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நல்ல பெண்சாதி என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தேன்.