வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு, ஒரு மூளை ஸ்கேனுக்காக

குற்றாலம், கொடைக்கானல் என்று எழுதிவந்த இந்த வலைப்பதிவில் இந்த முறை ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய்வந்த கதை. தூரம் இருபத்தெட்டு கிலோமீட்டர்தான். என் வீட்டுக்காரர் தவமணிக்கு மறதி நோய். அது அல்சைமர்தானா என்று தெளிவாகத் தெரிய, மூளையைப் பெட் (PET) ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் மதுரையில் நாங்கள் பார்க்கும் நரம்பு டாக்டர். போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். இதே வேலையாக வீட்டு ஆளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நடுவே என் வயிற்றெரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றெரிச்சல் டிரைவர் சோணைமுத்து அண்ணன் மேல். என் வீட்டுக்காரர் வாடிப்பட்டி–மதுரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த இருபது வருஷமும் அந்த பஸ்ஸை ஓட்டியவர் அவர். இப்போது சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். நானும் அந்த பஸ்ஸில் போனவள்தான். சமயநல்லூரில் ஏறி மதுரை ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போவேன். அந்தப் பழக்கத்தில் நடந்ததுதான் எங்கள் கல்யாணம். ஆனால் ஒரு வருஷமாக இவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "ஏம்மா, இங்க வாங்க" என்கிறார், யாரோ பயணியைக் கூப்பிடுகிற மாதிரி. அன்றைக்கு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டதும் மட்டும், "வாரேண்ணே!" என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

ஆறரை மணிக்குக் கார் கிளம்பியது. முன் சீட்டில் இவர், பின்னால் நான். தனிச்சியம், நகரி, சமயநல்லூர், பரவை, விளாங்குடி என்று ஒரு நிறுத்தம் விடாமல் கூவிக்கொண்டே வந்தார். சமயநல்லூரில் கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார். "என்னா மாப்ள, கூட்டம் எம்புட்டு?" என்று அண்ணன் கேட்க, இவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து மாசக்கணக்காகிறது. சோறு ஊட்டுவது நான், சிரிப்பு அவருக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கேன் சென்டரில் முதலில் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்தார்கள். பிறகு சர்க்கரை போன்ற ஒரு மருந்தை, லேசான கதிர்வீச்சு உள்ளது, ஊசியில் ஏற்றினார்கள். அதன்பின் வெளிச்சம் குறைந்த அறையில் முக்கால் மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். இவரா படுப்பார்? நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், தட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று மெதுவாக, "மாப்ள, ரயில்வே கேட்டு அடைச்சிருக்கான். கூட்ஸு வருது. ஆடாம அசையாம இரு" என்றார்.

"சரிண்ணே" என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார். மெஷினுக்குள் தலையை அசைக்காமல் இருந்த கால் மணி நேரத்துக்கும் அதே கூட்ஸு வண்டிதான் உதவியது. காரியம் நடந்ததே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

மதியம் அங்கிருந்த டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "ஒரு நரம்பு செல்லும் இன்னொரு செல்லும் பேசிக்கிற இணைப்புக்கு சினாப்ஸுன்னு பேரு. மூளைக்குப் போற சர்க்கரை அங்கதான் நெறைய செலவாகும். இணைப்பு கொறைஞ்சா அந்த எடம் மங்கலாத் தெரியும்." காதுக்கு மேலும் பின்பக்கமும் நீலமாக மங்கியிருந்தது. அந்த இணைப்புகளையே நேராகக் காட்டும் ஸ்கேனும் வந்திருக்கிறதாம், இப்போதைக்குப் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தானாம்.

"டிரைவரை மட்டும் எப்படிங்க தெரியுது?"

"வருஷக்கணக்கா பழகின வேலை வேற எடத்துல பதிஞ்சிருக்கும்மா. அது சீக்கிரம் போகாது."

"அப்ப நான் எங்க இருக்கேன்? அந்த நீலத்துலயா?"

"ஒரு ஆளுக்கு ஒரு எடம்னு மூளையில கெடையாதும்மா. அதைக் காட்டுற ஸ்கேனும் இல்ல."

குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனசு இருக்காது. எங்களை ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பதினான்காயிரம் ஆனது, இடத்துக்கு இடம் மாறும். ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் கொடுங்கள். அன்று பொழுது சாயும்வரை கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பக்கத்தில் விட வேண்டாம். எழுத்தில் ரிப்போர்ட் மறுநாள்தான் கிடைக்கும். முக்கியமாக, அவர் யார் சொன்னால் கேட்பாரோ அந்த ஆளைக் கூட்டிப் போங்கள். அது நீங்களாக இல்லாவிட்டாலும்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். இவர் பின் சீட்டில் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சட்டென்று சீட்டில் போட்டார்.

"இங்க உக்காராதீங்கம்மா. ஆள் வருது."

"யாரு வர்றா?"

"சமயநல்லூர்ல ஏறும். நான் கட்டிக்கப் போற பொண்ணு."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் முன் சீட்டுக்குப் போனேன். அதுவரை அண்ணன் மேல் இருந்த பொறாமை அவள் மேல் திரும்பியது. இருபத்திரண்டு வயது, ஒற்றைச் சடை, கையில் தூக்குவாளி. அவளுக்கு இவர் ஒரு நாளும் சோறு ஊட்டும் வேலை வைத்ததில்லை. அவளுக்காக இத்தனை வருஷம் கழித்தும் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்.

பரவை தாண்டியதும், "அண்ணே, சமயநல்லூர்ல நிறுத்துங்க" என்றேன். அவர் அங்கே நிறுத்தினார். நிறுத்தத்தில் இறங்கி, காரைச் சுற்றி வந்து பின் கதவைத் திறந்தேன்.

இவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னா, இன்னைக்கி இம்புட்டு லேட்டு?"

உட்கார்ந்தேன். இவர் இரண்டு முறை விசிலடித்தார், கார் நகர்ந்தது. நகரி வரும்போது முன் சீட்டை எட்டிப் பார்த்து, "அங்க ஒரு அம்மா இருந்தாங்களே, எங்க?" என்றார்.

"அவங்க எறங்கிட்டாங்க" என்றேன்.